செட்டிநாட்டில் இரு பெரும் அணிகளுக்கு வெளியே நின்று சட்டமன்றத் தேர்தலில் போட்டியிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் எதை எடுத்துக்கொண்டாலும் போட்டி இரண்டு அணிகளுக்கு இடையில்தான் என்ற எண்ணம் வாக்காளர் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்த இரண்டிலும் சேராமல் ஒரு சிறு கட்சியின் சார்பிலோ சுயேச்சையாகவோ நிற்க விரும்புபவர் முதலில் பேச்சாளரைத் தேடுகிறார், அடுத்து சுவரொட்டிக்கு அச்சகம் தேடுகிறார், மனுத் தாக்கலுக்குரிய காகிதங்களைக் கடைசியில்தான் தேடுகிறார். காரைக்குடிப் பக்கம் ஒரு சிறு கட்சி வேட்பாளருக்குத் தேர்தல் முகவராக இருந்தவன் என்ற முறையில், இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றவேண்டும் என்பதே என் கருத்து. சிறிய வேட்பாளரைத் தோற்கடிப்பது பெரும்பாலும் எதிராளி அல்ல. காகிதத்தில் விட்ட பிழையும் ஆளில்லாத வாக்குச்சாவடியும்தான்.

எந்தத் தொகுதி, என்ன இலக்கு

செட்டிநாடு என்பது பண்பாட்டால் ஒரே நிலப்பகுதி என்றாலும் தேர்தல் வரைபடத்தில் அது ஒரே தொகுதி அல்ல. சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி (184), திருப்பத்தூர் (185), புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் (181) ஆகிய தொகுதிகளில் அதன் ஊர்கள் பிரிந்து கிடக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இருந்து, ஒரே கோவிலுக்குப் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் கோவிலுக்குச் செலுத்தும் வரி) கொடுத்துக்கொண்டு, வெவ்வேறு சட்டமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கே உண்டு. திருப்பத்தூரில் நிற்பவர் எல்லாப் படிவத்திலும் தொகுதியின் எண்ணையும் சேர்த்து எழுதுவது நல்லது. வடக்கே இன்னொரு திருப்பத்தூர் 50ஆம் எண்ணில் இருப்பதால், சென்னையில் இருக்கும் கட்சித் தலைமை அனுப்பும் கடிதத்திலேயே இந்தக் குழப்பம் நேரக்கூடும்.

தொகுதியை முடிவு செய்வதற்கு முன் முந்தைய தேர்தலின் படிவம் 20ஐக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைக் காட்டும் இறுதி முடிவுத்தாள் அது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். 2021இல் காரைக்குடியில் காங்கிரசின் மாங்குடி வென்றார், பாரதிய ஜனதாவின் எச். ராஜா இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் இரு அணிகளுக்கும் வெளியே நின்ற அம்மா மக்கள் முன்னேற்றக் கழகமும் நாம் தமிழர் கட்சியும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் அது இரண்டாம் இடத்தின் வாக்கையே தாண்டும். அதாவது மூன்றாவது வாக்கு இந்த மண்ணில் இல்லாத ஒன்றல்ல. திருமயத்தில் நிலைமை வேறு: 2016, 2021 ஆகிய இரு தேர்தல்களிலும் வெற்றி வித்தியாசம் 2,000 வாக்குகளைத் தொடவில்லை. அப்படிப்பட்ட தொகுதியில் ஐயாயிரம் வாக்கு வாங்கும் வேட்பாளர்கூட முடிவை மாற்றிவிட முடியும். ‘வாக்கைப் பிரிக்க வந்தவர்’ என்ற பட்டமும் அவருக்கு வந்து சேரும். அதற்குரிய பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஊருக்குள் போகவேண்டும்.

இலக்கை எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். வைப்புத்தொகையைக் காப்பாற்ற, செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைவிட அதிகம் வேண்டும். இரண்டு லட்சம் செல்லத்தக்க வாக்குகள் பதிவானால் 33,334 என்று பொருள். ‘நோட்டா’வுக்கு விழும் வாக்குகள் இந்தக் கணக்கில் சேராது. கட்சிக்கு மாநில அங்கீகாரம் வேண்டும் என்றால் கணக்கு தொகுதியோடு முடியாது: மாநில அளவில் 6 சதவீத வாக்குகளோடு இரண்டு சட்டமன்ற இடங்கள் என்பது ஒரு வழி, இடமே இல்லாமல் 8 சதவீத வாக்குகள் என்பது இன்னொரு வழி. நாம் தமிழர் கட்சி 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அங்கீகாரம் பெற்றது இந்த இரண்டாம் வழியில்தான். உங்கள் தொகுதியில் விழும் மூவாயிரம் வாக்கும் அந்தக் கூட்டலில் சேரும் என்பதால், வெல்ல வாய்ப்பில்லாத இடத்தில் நிற்பது வீண் வேலை என்று சொல்லிவிட முடியாது.

தனிமனிதரின் செல்வாக்கை மட்டும் நம்பி இலக்கு வைப்பவர்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டலாம். கண்டனூரைச் சேர்ந்த ப. சிதம்பரம், சிவகங்கை மக்களவைத் தொகுதியில் பலமுறை வென்றவர். 1999இல் தமிழ் மாநில காங்கிரஸ் இரு பெரும் அணிகளுக்கும் வெளியே நின்றபோது அதே தொகுதியில் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

தகுதி

இந்தியக் குடிமகனாக, 25 வயது நிரம்பியவராக இருக்கவேண்டும். மாநிலத்தின் ஏதேனும் ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். காரைக்குடியில் நிற்க காரைக்குடியில்தான் வாக்கு இருக்கவேண்டும் என்பதில்லை. சென்னையில் குடியேறிவிட்ட செட்டிநாட்டுக்காரர் தம் சொந்த ஊரில் நிற்கலாம், ஆனால் வேறு தொகுதியின் பட்டியலில் பெயர் இருப்பதால் அதன் சான்றளிக்கப்பட்ட நகலை மனுவோடு சேர்க்கவேண்டும். அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவரும், அரசோடு பொருள் வழங்கவோ பணிகளைச் செய்யவோ ஒப்பந்தம் நடப்பில் வைத்திருப்பவரும் நிற்க முடியாது. கண்மாய் மராமத்து, சாலைப் பணி என்று சிறு ஒப்பந்தங்கள் எடுப்பவர்கள் இதை அலட்சியம் செய்துவிடுகிறார்கள்.

முன்மொழிபவர்கள்: எல்லாம் இங்கேதான் கெடும்

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். பதிவு பெற்று அங்கீகாரம் பெறாத கட்சியின் வேட்பாளருக்கும் சுயேச்சைக்கும் அதே தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். 1996 தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டதையடுத்து சட்டம் இறுக்கப்பட்டதன் விளைவுகளில் இந்தப் பத்துப் பேர் விதியும் ஒன்று. பத்தில் ஒருவர் தகுதியில்லாதவர் என்றாலும் மனு முழுவதும் விழும். 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு நிராகரிக்கப்பட்டது, முன்மொழிந்தவர்களில் இருவர் அந்தக் கையெழுத்து தங்களுடையது அல்ல என்று சொன்னதால்தான்.

செட்டிநாட்டில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காரைக்குடியில் கடை வைத்து, காரைக்குடியில் குடியிருந்து, பிள்ளைகளை அங்கேயே படிக்கவைக்கும் பலருடைய வாக்கு இன்னும் பூர்வீக ஊரில் இருக்கும். அந்த ஊர் திருமயம் தொகுதியிலோ திருப்பத்தூர் தொகுதியிலோ இருக்கும். எங்கள் பட்டியலில் இருந்த ஒருவர் முப்பது ஆண்டுகளாக காரைக்குடிக்காரர் என்று எல்லோராலும் அறியப்பட்டவர். மனு கொடுப்பதற்கு முந்தின இரவு வாக்காளர் பட்டியலில் பாகம் எண்ணைச் சரிபார்த்தபோதுதான் அவருடைய வாக்கு அரிமளம் பக்கம் இருப்பது தெரிந்தது. அன்றிரவே செஞ்சையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பத்தாவது ஆளைப் பிடித்தோம்.

ஆகவே முறை இது. இருபத்தைந்து பேர் பட்டியல் எடுங்கள். வாக்காளர் அட்டையை மட்டும் பார்த்து நம்பாமல், நடப்புப் பட்டியலில் ஒவ்வொருவரின் பாகம் எண், வரிசை எண்ணை நீங்களே தேடி எழுதுங்கள். ஒரு வேட்பாளர் ஒரு தொகுதியில் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், வைப்புத்தொகை ஒருமுறைதான். எனவே வெவ்வேறு பத்துப் பேரைக் கொண்டு குறைந்தது இரண்டு மனுக்களைத் தாக்கல் செய்யுங்கள். கையெழுத்தை உங்கள் கண்முன்னே போடச் சொல்லுங்கள். பரிசீலனை நாளில் பத்துப் பேரும் ஊரில் இருக்கவேண்டும். யாராவது கூப்பிட்டு மிரட்டினால் யாரிடம் சொல்வது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அங்கீகாரம் உள்ள கட்சியின் வேட்பாளரும் ஒரு மனுவைப் பத்துப் பேரோடு போட்டுவைப்பது நல்லது, ஏனெனில் கட்சியின் கடிதம் சிக்கலுக்குள்ளானால் அவர் சுயேச்சையாகவாவது களத்தில் நிற்பார்.

மனு, உறுதிமொழிப் பத்திரம், உறுதிமொழி

சட்டமன்றத்துக்கு மனுப் படிவம் 2பி. அத்துடன் நோட்டரி முன் கையொப்பமிட்ட உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26. வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000 ரூபாய். ரொக்கமாகவோ கருவூலச் செலுத்துச்சீட்டாகவோ கட்டவேண்டும்; காசோலை செல்லாது. தாக்கல் நேரம் காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. கட்சி வேட்பாளர் என்றால், இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தெரிவிக்கும் படிவம் ஏ, படிவம் பி இரண்டும், பொறுப்பாளரின் மைக் கையொப்பத்தோடு, கடைசி நாள் 3 மணிக்குள் வந்து சேரவேண்டும். நகலோ தொலைநகலோ ஏற்கப்படாது.

படிவம் 26இல் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்று எழுதவேண்டிய இடத்தில் எழுதியே ஆகவேண்டும். வெறுமையாக விட்ட பத்திரத்தின் அடிப்படையில் மனுவை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர், இந்துக் கூட்டுக் குடும்பம் ஆகியோரின் ஐந்தாண்டு வருமான விவரம், அசையும் அசையாச் சொத்து, வெளிநாட்டுச் சொத்து, கடன், வழக்குகள் எல்லாம் கேட்கப்படும். பிரிக்கப்படாத பூர்வீக வீட்டில் பதினாறில் ஒரு பங்கு, பர்மா காலத்திலிருந்து தீராத வழக்கில் இருக்கும் ஒரு தோட்டம், மலேசியாவில் தாத்தா பெயரில் நிற்கும் ஒரு கடை என்று செட்டிநாட்டுக் குடும்பங்களில் உரிமைகள் நூல் பின்னியதுபோல் கிடக்கும். உங்கள் பங்கு எவ்வளவோ அதை உத்தேச மதிப்போடு எழுதுங்கள். ‘அதை யார் கேட்கப்போகிறார்கள்’ என்று விட்டுவிடாதீர்கள், ஏனெனில் பங்காளி கேட்பார். குற்ற வழக்குகள் இருந்தால் அவற்றை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிடவேண்டும். போராட்டத்தில் கலந்துகொண்டதற்கான வழக்கும் வழக்குதான்.

மனு கொடுத்ததும் அங்கேயே அரசியலமைப்பு உறுதிமொழியை எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் அது எடுக்கப்பட்டிருக்கவேண்டும். பரிசீலனையன்று வந்து எடுக்கிறேன் என்றால் மனு போய்விடும்.

சின்னம்

பதிவு பெற்ற, அங்கீகாரமில்லாத கட்சி தன் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே சின்னம், அதாவது பொதுச்சின்னம், கேட்க வேண்டுமானால் மொத்த இடங்களில் குறைந்தது 5 சதவீதத்தில், அதாவது 12 தொகுதிகளில், வேட்பாளரை நிறுத்தவேண்டும். அறிவிக்கைக்கு முன்னரே விண்ணப்பமும் போகவேண்டும். முந்திக் கேட்டவருக்கே முன்னுரிமை. 2024இல் நாம் தமிழர் கட்சி தன் ‘கரும்பு விவசாயி’யை இழந்து ‘ஒலிவாங்கி’க்கு மாறியதற்கு, வேறொரு கட்சி முன்னதாகக் கேட்டுப் பெற்றதே காரணம். சுயேச்சைகள் எந்தக் கட்சிக்கும் ஒதுக்கப்படாத கட்டற்ற சின்னங்களின் பட்டியலிலிருந்து மூன்றை விருப்ப வரிசையில் மனுவிலேயே எழுதவேண்டும்.

இங்கே அழகைப் பார்க்கவேண்டாம். சந்தையில் காய் விற்கும் ஆச்சி ஒரே சொல்லில் சொல்லக்கூடியதாகவும், கறுப்பு வெள்ளையில் சிறிதாக அச்சிட்டாலும் தெரியக்கூடியதாகவும், வீட்டில் எடுத்துக் காட்டக்கூடியதாகவும் இருக்கும் பொருளைத் தேர்ந்தெடுங்கள். சின்னம் உறுதியாவது வேட்புமனு திரும்பப்பெறும் நாளுக்குப் பிறகுதான். அதிலிருந்து வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலாக நாட்கள் கிடைக்கலாம். அந்தக் குறுகிய காலத்தில் ஒரு சின்னத்தைப் பரப்ப முடியும் என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே உண்டு: 2024இல் இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்று, அவருடைய பெயரையே கொண்ட வேறு பலர் பட்டியலில் இருந்தும், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு இரண்டாம் இடம் பெற்றார். அவர் முன்னாள் முதல்வர், நீங்கள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அவருடைய பிரசாரம் பெயரைவிடச் சின்னத்தையே முன்னால் வைத்தது என்பதைக் கவனியுங்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலிலும், பதிவு பெற்ற பிற கட்சிகள் அடுத்தும், சுயேச்சைகள் கடைசியிலுமாக அகரவரிசையில் வருவார்கள். வரிசை எண் வந்தவுடன் சின்னத்தோடு அதையும் சேர்த்தே சொல்லப் பழகுங்கள்.

பணமும் கணக்கும்

செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். சிறு வேட்பாளர் அதன் அருகில்கூடப் போகமாட்டார். ஆனாலும் கணக்கு எழுதாமல் தகுதியிழப்பவர்கள் பெரும்பாலும் சிறிய வேட்பாளர்கள்தான். மனுத் தாக்கலுக்கு முந்தைய நாளுக்குள் தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பது வங்கி வழியாகவே நடக்கவேண்டும். தேர்தல் அலுவலகம் தரும் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. பிரசார நாட்களில் மூன்று முறை செலவினப் பார்வையாளரிடம் காட்டவேண்டும். தேநீர், நாற்காலி, ஆட்டோ என ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கும். நண்பர் இலவசமாகக் கொடுத்த வண்டியும் அந்த விலையில் உங்கள் கணக்கில் ஏறும். பற்று வரவு எழுதத் தெரிந்த மண் இது. பழைய கணக்குப்பிள்ளை ஒருவரைத் தினமும் இரவு ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் போதும்.

நன்கொடையில் ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் இல்லாத வீடு இங்கே அரிது. அவர்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அத்தை மகனே ஆனாலும் அவரிடமிருந்து வேட்பாளர் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ மூலம் பட்டியலில் சேரலாம், ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்க முடியும். பங்குனித் திருவிழாவுக்கு வருபவர்களைத் தேர்தல் நாள் வரை இருக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பயணச்சீட்டு வாங்கிக் கொடுப்பது குற்றம்.

வாக்குக்குப் பணம் கொடுப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, பெரிய அணியோடு அந்த ஏலத்தில் சிறு வேட்பாளர் ஜெயிக்க முடியாது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டுபோகும் தொண்டரிடம் உரிய ஆவணம் இல்லையென்றால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும்.

ஊருக்குள் போவது

மூன்று லட்சம் வாக்காளர்களை இரண்டு வாரத்தில் சந்திக்க முடியாது. படிவம் 20ஐத் திரும்ப எடுத்து, இரு அணிகளுக்கும் வெளியே கணிசமாக வாக்கு விழுந்த நூறு சாவடிகளைப் பொறுக்கி, உழைப்பில் முக்கால் பங்கை அங்கே கொட்டுங்கள். வாக்காளர் பட்டியல் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு இலவசம், உங்களுக்கு விலைக்குத்தான். அந்த நூறு பாகங்களை மட்டும் வாங்குவதே சிக்கனம்.

வளவும் முகப்புமாக நீளும் பெரிய வீட்டுத் தெருக்களில் கூட்டம் போட்டுப் பயனில்லை. பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன, வாக்குகள் சென்னையிலோ வேறெங்கோ இருக்கின்றன. வாக்கு இருப்பது புதுவயல் அரிசி ஆலைகளின் வாயிலில், ஆத்தங்குடியில் தளக்கல் வார்க்கும் கொட்டகைகளில், தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில், கல்லல் பக்கத்துக் கண்மாய்க்கரை ஊர்களில். 2024இல் மாநகராட்சியான காரைக்குடியில் வரியும் சாக்கடையும் பேசுங்கள். ஒன்றியத்து ஊர்களில் ஊருணியும் வரத்துக்காலும் பேசுங்கள். ஒரே உரையை இரண்டு இடத்திலும் வாசிப்பவர் இரண்டு இடத்திலும் வெளியூர்க்காரராகிவிடுகிறார்.

நீளமான வெள்ளைச் சுவர்களைக் கண்டால் சின்னம் வரையக் கை துறுதுறுக்கும். நகர்ப்புறத்தில் அது கூடாது. மற்ற இடங்களிலும் உரிமையாளரின் எழுத்துபூர்வ இசைவு வேண்டும். காவல்காரர் தலையசைப்பது இசைவு ஆகாது. ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு பங்காளிகள் இருந்தால் ஒருவர் சம்மதித்து மற்றவர் புகார் கொடுப்பார். துண்டறிக்கைகளில் அச்சகத்தின் பெயரும், வெளியிடுபவர் பெயரும், படிகளின் எண்ணிக்கையும் இருக்கட்டும். கோவிலைப் பிரசார மேடையாக்கக் கூடாது. கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வெளியே வந்து, நடந்து தள்ளிப்போய், பிறகு பேசுங்கள்.

வாக்குச்சாவடியும் அதன் பிறகும்

முந்நூறுக்குக் குறையாத சாவடிகளுக்கும் முகவர் போட உங்களால் இயலாது. தேர்ந்தெடுத்த நூறு சாவடிகளுக்கு ஆளுக்கொரு மாற்று முகவரோடு படிவம் 10 எழுதிக் கொடுங்கள். மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே அவர் உள்ளே இருக்கவேண்டும்; தயிர்ச்சோறும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். மாலையில் சாவடி அலுவலர் தரும் படிவம் 17சி நகலை வாங்காமல் வெளியே வரக்கூடாது. அதில் பதிவான மொத்த வாக்கும் இயந்திர எண்ணும் இருக்கும். எண்ணும் நாளில் மேசையில் வரும் இயந்திரத்தோடு ஒப்பிட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான். பெரிய கட்சியின் முகவர் தம் நகலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு உங்கள் நகலைக் கேளுங்கள்.

வாக்கு எண்ணிக்கைக்குப் படிவம் 18இல் முகவர்களை நியமித்து, சுற்றுவாரியாக எழுதச் சொல்லுங்கள். நான்காம் சுற்றிலேயே நம் ஆட்கள் எழுந்து போய்விடுவது வழக்கம். எண்ணிக்கை முடியும்வரை ஒருவராவது இருக்கவேண்டும்.

முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படையுங்கள். எண்ணூறு வாக்கு வாங்கியவருக்கும் இது கட்டாயம். தவறினால் மூன்றாண்டுகள் எந்தச் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலிலும் நிற்க முடியாமல் தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். ஒப்படைத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கி, வைப்புத்தொகை ரசீதோடு சேர்த்து வையுங்கள். ஆறில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் தொகையைத் திரும்பக் கேட்க அந்த ரசீதுதான் தேவைப்படும்.